நினைவகத்தின் வேகமும் ஆய்வாளரின் பொறுப்பும்

கடந்த சில வாரங்களில் ஆய்வு மாணவர்கள் சிலர் ஒரே கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் என்னிடம் கேட்டுள்ளனர். விளையாட்டுக்கென்று குறைந்த செலவில் சேர்த்த கணினியையே அவர்கள் முனைவர் பட்ட ஆய்வின் கணக்கீடுகளுக்கும் பயன்படுத்துகின்றனர். அதன் நினைவகத்தை, அதாவது ரேமை, ஓவர்கிளாக் செய்யலாமா, செய்தால் ஆபத்து உண்டா என்பதே அக்கேள்வி. 'செய்யலாம், ஒன்றும் ஆகாது' என்போரும் உளர். 'அது விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை, தொடாதே' என்போரும் உளர். இரு தரப்பினரும் ஆபத்தைத் தவறான இடத்தில் தேடுகின்றனர் என்பது என் கருத்து. அதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனெனில் இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன்.

பாதுகாப்பு என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது கருவி எரிந்துபோகுமா என்ற அச்சம். நினைவகத்தைப் பொறுத்தவரை அந்த அச்சம் பெரும்பாலும் மிகையானது. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கொடுக்காதவரை ரேம் எளிதில் எரிவதில்லை. வேகம் ஒத்துவராவிட்டால் பெரும்பாலான கணினிகள் தொடங்க மறுக்கும், அல்லது சில முயற்சிகளுக்குப் பின் தாமாகவே பழைய வேகத்திற்குத் திரும்பும். உண்மையான ஆபத்து வேறு. கணினி தொடங்கும், விளையாட்டு ஓடும், நிரல் முடிவைத் தரும். ஆனால் அந்த முடிவில் எங்கோ ஓர் எண் மாறியிருக்கும். கருவி நலமாக இருக்க, கணக்கு மட்டும் பிறழ்ந்திருக்கும். ஆய்வாளர் அஞ்ச வேண்டியது இதற்கே.

முதலில், ஏழை மாணவரின் கணினியில் ஓவர்கிளாக்கிங் ஏன் ஒரு நியாயமான விருப்பம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜேஆர்எஃப் பெறும் மாணவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத உதவித்தொகை பெறுவோருக்கோ மாதம் 8,000 ரூபாய்தான். தில்லி போன்ற நகரில் அறை வாடகை போக மிஞ்சுவதில் கணினி வாங்குவோர் தனி கிராபிக்ஸ் அட்டையை நினைத்துப் பார்ப்பதில்லை. ரைசன் 5 5600ஜி போன்ற, கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த செயலியைத்தான் நாடுவர். அத்தகைய செயலிக்குத் தனி நினைவகம் கிடையாது; படம் வரைவதற்கும் கணக்கிடுவதற்கும் அதே ரேமைத்தான் அது பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே ரேமின் வேகம் அங்கே ஆடம்பரம் அன்று. மேலும், 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவக விலை கடுமையாக உயர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் குருசியல் நுகர்வோர் வணிகத்தையே முடித்துக்கொள்வதாக அறிவித்தது. புதியது வாங்க இயலாதவர், இருப்பதிலிருந்து முழுப்பயன் பெற முயல்வது இயல்பே.

இனி எவ்வளவு பயன் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். டிடிஆர்4 நினைவகத்தில் ஒரு தடம் ஒரு பரிமாற்றத்தில் 8 பைட்டுகளைக் கடத்துகிறது. பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருந்தால் விநாடிக்கு 320 கோடிப் பரிமாற்றங்கள் என்று பொருள். கடிகாரத் துடிப்பு அதில் பாதியான 1600 மெகாஹெர்ட்ஸ்தான். நான் நேரு பிளேஸ் கடைத்தெருவில் என் கணினியை வாங்கியபோது அதில் ஒரே ஒரு 8 ஜிபி ரேம் ஸ்டிக், 2400 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் உச்ச அளவு விநாடிக்கு 19.2 ஜிபி. அதே வகையில் இரண்டாவது ஸ்டிக் ஒன்றை உரிய துளையில் செருகியதும் இரு தடங்கள் இயங்கி 38.4 ஜிபி ஆயிற்று. பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பி அமைவை இயக்கியதும் 3200 வேகம் கிடைத்து 51.2 ஜிபி ஆயிற்று. இவ்விரண்டு படிகளிலேயே இரண்டரை மடங்கைக் கடந்துவிட்டேன். அதன்பின் நான் கையால் 3600க்கு உயர்த்தினேன், 57.6 ஜிபி, அதாவது கூடுதலாக எட்டில் ஒரு பங்கு. என் வாழ்வில் நான்கு மாதங்களை விழுங்கியது அந்த எட்டில் ஒரு பங்குதான்.

நடந்தது இது. ஜனவரி மாத இரவொன்றில் 3600 வேகத்தை அமைத்தேன். சோதனை மென்பொருளை ஒரு சுற்று ஓடவிட்டேன். பிழை எதுவும் இல்லை. விளையாட்டுகள் தடையின்றி ஓடின. நிம்மதியாக என் ஆய்வின் மான்டே கார்லோ உருவகக் கணக்கீடுகளை அதே கணினியில் தொடர்ந்தேன். மே மாதத்தில், ஒரு வரைபடத்தை மீண்டும் வரைவதற்காகப் பழைய கணக்கீடு ஒன்றைத் திரும்ப ஓட்டினேன். அதே நிரல், அதே தரவு, சமவாய்ப்பு எண்களுக்கு அதே தொடக்க எண். ஒற்றை இழையில் ஓடும் நிரல். முடிவு கடைசி இலக்கம் வரை ஒத்திருக்க வேண்டும். நான்காம் இலக்கத்திலேயே வேறுபட்டது.

மூன்று வாரங்கள் என் நிரலையே சந்தேகித்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நூலகத் தொகுப்புகளை மாற்றிப் பார்த்தேன். இறுதியில் துறையின் ஆய்வகக் கணினியில் அதே நிரலை ஐந்து முறை ஓட்டியபோது ஐந்து முறையும் ஒரே விடை வந்தது. அன்று பிற்பகல், முனிர்காவில் உள்ள என் அறையில், வெளியே வெயில் 43 பாகையைத் தொட்டிருந்த நேரத்தில், நினைவகச் சோதனையை மீண்டும் தொடங்கினேன். நான்காவது மணிநேரத்தில் முதல் பிழை தோன்றியது. வேகத்தை 3200க்கு இறக்கிச் சோதித்தேன். இரவு முழுவதும் ஒரு பிழையும் இல்லை.

ஜனவரியிலிருந்து செய்த நாற்பது கணக்கீடுகளையும் மறுபடி ஓட்டினேன். மூன்று மாறுபட்டன. என்னை இன்றும் உறுத்துவது அந்த எண்ணிக்கை அன்று. மாறுபட்ட மூன்றும் வரைபடத்தில் இயல்பாகவே அமர்ந்திருந்தன என்பதுதான். எவர் பார்த்தாலும் ஐயுற்றிருக்கமாட்டார். நெறியாளரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "நீ திரும்ப ஓட்டாமல் இருந்திருந்தால்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

இவ்வாறு நிகழ்வது ஏன் என்பதை அறிந்துகொள்வது பயனுள்ளது. ரேமின் ஒவ்வொரு நுண்ணறையும் ஒரு சிறு மின்தேக்கி. அதில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். எனவே 64 மில்லிவிநாடிக்கு ஒருமுறை எல்லா அறைகளும் புதுப்பிக்கப்படுகின்றன. வெப்பம் கூடினால் கசிவும் கூடும். 85 பாகை செல்சியசைக் கடந்தால் இருமடங்கு விரைவாகப் புதுப்பிக்க வேண்டும் என்று தரநிலையே கூறுகிறது. நம் அறையின் ரேம் அந்த எல்லையைத் தொடாது. ஆனால் தரநிலை வேகத்தில் இருக்கும் தாராளமான இடைவெளியைத்தான் நாம் ஓவர்கிளாக்கிங்கில் செலவழிக்கிறோம். ஜனவரி இரவில் போதுமானதாக இருந்த மீதி, மே மாதப் பிற்பகலில் போதாமல் போகிறது. தவிர, செயலிக்கும் ரேமுக்கும் இடையே ஓடும் குறிப்பலைகளுக்கும் வேகம் கூடக் கூட நேர இடைவெளி சுருங்குகிறது. நான் இரண்டு ஸ்டிக்குகளையும் தனித்தனியே வாங்கியிருந்தேன். ஒரே பெயர் அச்சிட்டிருந்தாலும் உள்ளிருக்கும் சில்லுகள் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இணையாக விற்கப்படும் தொகுப்புக்கே அமைவின் வேகம் உரியது.

ஓர் எண்ணை 64 பிட்டுகளில் எழுதும்போது 1 பிட் குறிக்கும், 11 பிட்டுகள் அடுக்குக்கும், 52 பிட்டுகள் இலக்கங்களுக்கும் உரியவை. அடுக்கின் மேல் பிட் புரண்டால் விடை அபத்தமாகி நம் கண்ணில் பட்டுவிடும். இலக்கங்களின் நடுவே ஒரு பிட் புரண்டால் விடை நம்பத்தக்கதாகவே இருக்கும். விளையாட்டில் அது ஒரு புள்ளியின் நிறத்தை ஒரு கணம் மாற்றும். ஆய்வில் அட்டவணையின் ஓர் எண்ணாக அச்சேறும்.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டும் அன்று. மைக்ரோசாப்டின் பொறியாளர் ரேமண்ட் சென் 2005 ஆம் ஆண்டில் எழுதிய ஒரு பதிவில், விண்டோஸ் முறிவு அறிக்கைகளில் தர்க்கத்திற்கே ஒவ்வாத சில முறிவுகளைக் கண்டதாகக் குறிப்பிடுகிறார். நினைவகத்தைத் தொடவே செய்யாத ஓர் எளிய கட்டளையில் நிரல் முறிந்திருந்தது. விசாரித்தபோது அவை ஓவர்கிளாக் செய்யப்பட்ட கணினிகள் என்று தெரியவந்தது. அவர்களுள் சிலருக்குத் தம் கணினி அவ்வாறு விற்கப்பட்டது என்பதே தெரிந்திருக்கவில்லை. நம் ஊர்க் கடைத்தெருக்களில் சேர்த்த கணினி வாங்குவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன். 'தரநிலை வேகத்திலும் பிழைகள் நிகழ்கின்றனவே' என்பர். உண்மை. கூகுள் நிறுவனத்தின் சேவையகங்களை ஆராய்ந்து 2009 இல் ஷ்ரோடர், பின்ஹெய்ரோ, வெபர் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கணினிகள் ஓராண்டுக்குள் ஒரு நினைவகப் பிழையையேனும் சந்தித்திருந்தன. லினக்ஸ் கருவின் ஆசிரியர் லினஸ் டோர்வால்ட்ஸின் கணினியிலும் 2022 அக்டோபரில், இரண்டரை ஆண்டுகள் சீராக உழைத்த ரேம் ஸ்டிக் ஒன்று பழுதாகி, தொகுப்புகள் காரணமின்றி முறிந்தன. அவர் முதலில் கருவின் புதிய பிழையோ என்றே எண்ணினார்; இரவு முழுவதும் மெம்டெஸ்ட்86+ ஓடவிட்ட பிறகே உறுதி செய்தார். ஆனால் இச்சான்றுகள் கவனமின்மையை ஆதரிப்பவை அல்ல. தரநிலை வேகமே முழுப் பாதுகாப்பு தராதபோது, அதைக் கடந்து செல்பவர் சோதிக்க வேண்டிய கடமை இருமடங்காகிறது என்பதையே அவை காட்டுகின்றன.

கூகுளின் சேவையகங்களுக்கு ஒரு காவல் இருந்தது. இசிசி நினைவகம் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட்டுகளைக் கூடுதலாக வைத்து, ஒரு பிட் புரண்டால் திருத்தும். இரண்டு புரண்டால் அறிவிக்கும். நம் மலிவுக் கணினிகளில் அது இல்லை. டிடிஆர்5 ரேமில் சில்லுக்குள்ளேயே பிழைத் திருத்தம் உள்ளது என்று சிலர் ஆறுதல் அடைகின்றனர். அது சில்லுக்குள் உறங்கும் தரவை மட்டுமே காக்கிறது; சில்லிலிருந்து செயலிக்குச் செல்லும் வழியில் நேரும் பிழையை அது அறியாது. ஓவர்கிளாக்கிங்கில் நெருக்கடிக்கு உள்ளாவதோ பெரும்பாலும் அந்த வழிதான்.

எனவே என் நிலைப்பாடு இது: ஓவர்கிளாக் செய்யுங்கள், ஆனால் கணினி தொடங்கியதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். நான் இப்போது பின்பற்றும் ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பயாஸைத் தொடும் முன் தரவு முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுக்க வேண்டும். பிழையான நினைவகம் கோப்புகளையும் இயங்குதளத்தையும் சிதைக்க வல்லது. அமைவுகளை அழித்துத் தொடக்க நிலைக்குத் திரும்பும் வழியை மதர்போர்டின் கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மதர்போர்டு இதை அனுமதிக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே அறிய வேண்டும். இன்டெலின் எச்510, எச்610 சிப்செட்டுகள் நினைவக ஓவர்கிளாக்கிங்கை அனுமதிப்பதில்லை, பி560, பி660 அனுமதிக்கின்றன. இரண்டாவது ஸ்டிக், பிறகு எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைவு என்ற வரிசையில் செல்ல வேண்டும். பயனில் பெரும்பங்கு அங்கேயே கிடைத்துவிடும். அந்த அமைவும் ஓவர்கிளாக்கிங்தான் என்பதை மறக்கலாகாது. டிடிஆர்4இன் தரநிலை மின்னழுத்தம் 1.2 வோல்ட், 3200 வேகமும் சிஎல்16 தாமதமும் கொண்ட எக்ஸ்எம்பி அமைவு பொதுவாக 1.35 வோல்ட் கேட்கிறது. அதற்கு மேல் நான் செல்வதில்லை.

மதர்போர்டு தானாக உயர்த்தும் பிற மின்னழுத்தங்களையும் கவனிக்க வேண்டும். 2023 இல் ரைசன் 7000 வரிசைச் செயலிகள் சில எரிந்துபோனதற்கு, எக்ஸ்போவை இயக்கியபோது எஸ்ஓசி மின்னழுத்தம் அளவு மீறி உயர்ந்ததே காரணமாகக் கூறப்பட்டது. அதன்பின் ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தியது. ஓவர்கிளாக்கிங்கால் நேரும் சேதத்திற்கு உத்தரவாதம் செல்லாது போகலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சோதனையே இதில் உயிர்நாடி. இயங்குதளம் இல்லாமலே தொடங்கும் மெம்டெஸ்ட்86+ ஒன்றை இரவு முழுவதும் ஓடவிடுகிறேன். அதன்பின் இயங்குதளத்திற்குள், ரேமையும் செயலியையும் சேர்த்து வருத்தும் பிரைம்95 அல்லது லினக்ஸில் ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட் ஒன்றைச் சில மணிநேரம் ஓட்டுகிறேன். ஒன்றில் தேறியது மற்றொன்றில் தோற்பதுண்டு. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைவு தோல்விதான்; 'ஒன்றுதானே' என்ற சமாதானம் இங்கே செல்லாது. குளிர்காலத்தில் தேறியதைக் கோடையின் உச்சத்தில் மீண்டும் சோதிக்கிறேன்.

இறுதியாக, பயாஸில் இரண்டு அமைவுகளைச் சேமித்து வைத்துள்ளேன். ஒன்று மாலை விளையாட்டுக்கு, 3200 வேகமும் சிஎல்16 தாமதமும் கொண்டது. மற்றொன்று ஆய்வுக்கு, ரேம் தானாகவே தேர்ந்துகொள்ளும் தரநிலை வேகம். அச்சுக்குச் செல்லும் எந்த எண்ணும் இரண்டாம் அமைவிலேயே கணக்கிடப்படுகிறது. முக்கியமானவை ஆய்வகக் கணினியில் இன்னொரு முறை ஓட்டப்படுகின்றன. கணினியை அணைத்துத் தொடங்க இரண்டு நிமிடம் ஆகிறது. அந்த இரண்டு நிமிடத்தை நான் இழப்பாகக் கருதவில்லை.

துறைகளுக்கும் நெறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் தம் சொந்தக் கணினியில் கணக்கிடுகிறார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் ஆய்வேட்டின் முறையியல் இயலில் அது இடம்பெறுவதில்லை. எந்தக் கணினி, ரேம் எந்த வேகம், எப்போது சோதிக்கப்பட்டது, தொடக்க எண் எது, மறுமுறை ஓட்டிப் பார்த்தது உண்டா என்ற ஐந்து விவரங்களைக் கேட்பது கடினமன்று. ஒவ்வொரு துறையிலும் இசிசி நினைவகம் கொண்ட ஒரு கணினியேனும் சரிபார்ப்புக்கென்று இருப்பது பெரும் செலவுமன்று. வேதியியல் மாணவர் தராசை அளவு திருத்தாமல் எடை எழுதினால் நாம் ஏற்பதில்லை. கணினியை மட்டும் ஏன் பிழையே செய்யாத பொருளாக நடத்துகிறோம்?

இதைக் காட்டி மலிவான கணினி வைத்திருக்கும் மாணவரை ஐயுறுவதும் தவறு. விலையுயர்ந்த கணினி வைத்திருப்போரும் பெட்டியில் எழுதிய வேகத்தை இயக்கிவிட்டு ஒருமுறையும் சோதிக்காமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன். பொறுப்பு விலையைச் சார்ந்தது அன்று. திரும்ப ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தைச் சார்ந்தது.

என் நெறியாளரின் கேள்விக்கு இன்றும் விடை இல்லை. ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆறு மாதத்திற்கு முன் நீங்கள் செய்த ஒரு கணக்கீட்டை இன்றிரவு அதே தொடக்க எண்ணுடன் திரும்ப ஓட்டிப் பாருங்கள். விடை ஒத்திருந்தால் மகிழ்ச்சி. ஒத்திராவிட்டால், பல இழைகளில் ஓடும் நிரல்களில் கூட்டல் வரிசை மாறுவதாலும் கடைசி இலக்கங்கள் வேறுபடும் என்பதை முதலில் விலக்கிப் பாருங்கள். அதன் பிறகும் வேறுபாடு நின்றால், நிரலைக் குறைகூறும் முன் நினைவகத்தைச் சோதியுங்கள். கிடைத்ததை இங்கே எழுதுங்கள். மாறுபட்ட கருத்துடையோரும் எழுதுக.